மத்தளத்தில் இருந்து தொடங்குங்கள்: ரொக் கேட்கப் பழகும் முறை

அண்ணனின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். போன மாதம் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தவன், நான் சமைத்துக்கொண்டு போட்டிருந்த பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மாமி, இத எப்படிக் கேக்கிற? சத்தம் மட்டும்தானே கெடக்கு" என்றான். பகிடிக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான். சினிமாப் பாட்டில் வளர்ந்த காதோடு ரொக் இசைக்குள் எப்படிப் போவது என்று அவனுக்கு நாலைந்து இரவாகச் சொல்லிக்கொடுத்தேன். அதைத்தான் எழுதுகிறேன். இதில் வரும் கருத்தெல்லாம் ஒரு ரசிகையின் கருத்து. இசை படித்தவள் அல்ல, கணிதம் படிப்பிக்கிறவள்.

நான் 1978இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளிக்கு அடுத்த வருடம் பிறந்தவள். அம்மாவின் ஊர் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம். கூத்து அரங்கேற்றம் என்றால் இரவில் வயல் வரம்பால் நடந்து போவோம். ஊர் எட்ட இருக்கும்போதே சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். முதலில் கேட்பது மத்தளம். கொஞ்சம் கிட்டப் போனால் சல்லரி என்ற கைத்தாளம். கூத்து ஆடும் களரிக்குப் பக்கத்தில் போன பிறகுதான் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரலும் பிற்பாட்டும் காதில் விழும். சொல் ஒவ்வொன்றும் விளங்க வேண்டும் என்றால் பாயை முன்னுக்குப் போட்டு இருக்க வேண்டும்.

ரொக்கையும் இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் ட்ரம்ஸ், பிறகு ஆகக் கீழான சுரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றார், பிறகு மற்றக் கிற்றார்கள், பிறகு குரல், ஆகக் கடைசியில் சொல். என் முறை முழுக்க இதுதான்.

சினிமாப் பாட்டு எங்களை மறுபக்கத்தால் பழக்கியிருக்கிறது. குரல்தான் ராசா. பல்லவி முடிந்து இடையிசை வந்தால் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கத் தொடங்குவோம், சரணம் வந்ததும் திரும்பவும் காதைக் கொடுப்போம். அதே பழக்கத்தோடு ரொக்குக்கு வந்தால் ஆங்கிலத்தில் ஒருவர் கத்துவது மட்டும்தான் மிஞ்சும். ரொக்கில் பெரும்பாலும் குரலும் ஒரு வாத்தியம். நாங்கள் இடையிசை என்று விட்டுவிடும் இடத்தில்தான் அவர்கள் சொல்ல வந்ததைச் சொல்கிறார்கள். ஆனால் இளையராஜா பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது என்பேன். எண்பதுகளில் வந்த அவருடைய பாட்டு ஒன்றைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸ் கிற்றாரை மட்டும் கேட்டுப் பாருங்கள். இலங்கை வானொலியில் நூறு தரம் கேட்ட பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அந்தக் காதைத்தான் இங்கே கொண்டுவர வேண்டும்.

கேட்கும் சாமான் முக்கியம். போனைக் கையில் பிடித்து அதன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிற்றாரின் ஆகத் தடித்த நரம்பு விநாடிக்கு 41 தரம்தான் அதிர்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கருக்கு அந்தச் சத்தத்தைத் தரச் சக்தி இல்லை. அதில் கேட்டால் நாலு பேர் இசைக்குழுவில் ஒருவர் வரவே இல்லை, ட்ரம்ஸ்காரர் பாதிதான் வந்திருக்கிறார் என்று அர்த்தம். மருமகனுக்கு "சத்தம் மட்டும்" என்று கேட்டதற்குப் பாதிக் காரணம் இதுதான். விலை கூடிய ஹெட்போன் தேவையில்லை. காதுக்குள் இறுக்கமாக நிற்கும் வயர் இயர்போன் ஒன்று போதும். இரவு பத்து மணிக்குப் பிறகு, வேலை எல்லாம் முடித்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். எங்கட வெக்கைக்கு அது கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் விசிறியின் இரைச்சல் மெல்லிய சத்தங்களை விழுங்கிவிடும். சத்தத்தைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் போதும். கேட்டு முடித்த பிறகு காது இரைந்தால் அளவு கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பிறகு வரும்.

முதல் பாட்டாக டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஒன் த வோட்டர்' பாட்டைப் போடுங்கள். இதைவிட நல்ல பாட்டுகள் இருக்கின்றன. ஆனால் பழகத் தொடங்குவதற்கு இதைவிட வசதியான பாட்டு எனக்குத் தெரியாது, ஏனென்றால் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். முதலில் கிற்றார் தனியே ஒரு சின்னச் சுரத்துண்டை வாசிக்கிறது. அதைத்தான் ரிஃப் என்பார்கள். கூத்தில் ஒரு தாளக்கட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்லி ஆட்டத்தைக் கட்டுவது போல, ஒரு ரொக் பாட்டு முழுவதும் ரிஃபின் மேல் நிற்கும். அதற்குப் பிறகு ட்ரம்ஸ்காரரின் சோடித் தாளத் தட்டும் ஓர்கனும் சேர்கின்றன. பிறகு முழு ட்ரம்ஸ். பிறகு பேஸ். குரல் எல்லாருக்கும் பிந்தித்தான் வருகிறது. கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் வரவையும் பார்த்திருப்பது போல இந்த வரவுகளை விரல் விட்டு எண்ணுங்கள். நாலு தரம் கேட்டால் போதும், பிறகு எந்த ரொக் பாட்டிலும் ஆட்களைப் பிரித்துக் கேட்கக் காது தானாகப் பழகிவிடும்.

பாட்டின் கதையை மூன்றாம் நாள்தான் மருமகனுக்குச் சொன்னேன். 1971 டிசம்பர் 4ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் மொன்ட்ரோ நகரத்துக் கசினோவில் அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் சப்பாவின் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, சனத்துக்குள் ஒருவர் தீச்சுடர்த் துப்பாக்கியால் சுட, கசினோ எரிந்து போனது. அங்கே அல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் ஆட்கள், ஜெனீவா ஏரியின் மேல் புகை பரவியதைப் பார்த்து எழுதிய பாட்டு அது. தண்ணீருக்கு மேல் புகை. சொன்ன பிறகு மருமகன் திருப்பிக் கேட்டான். கதை தெரியாமல் முதலில் கேட்டதால்தான் கதை வந்தபோது அது பாட்டின் மேல் ஏறி இருக்காமல் பாட்டுக்குள் இறங்கியது என்பது என் எண்ணம்.

சொல் கடைசியில் வரட்டும் என்று சொன்னால் சிலர் ஏற்கமாட்டார்கள். "விளங்காத பாட்டை எப்படி ரசிக்கிற?" என்பார்கள். எங்கட கலியாண வீடுகளில் 'சுராங்கனி' பாட்டுக்கு ஆடாதவர் ஆர்? ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அதன் சிங்கள வரிகள் முழுதாக விளங்கும்? மட்டக்களப்பில் பறங்கியர் வீட்டுப் பைலாவுக்குப் போர்த்துக்கேயம் தெரியாமலே எத்தனையோ பேர் காலைப் போட்டிருக்கிறோம். ஆறு எண்ணிக்கையில் உருண்டு வரும் அந்தத் தாளத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அப்படியென்றால் ரொக்குக்கு மட்டும் ஏன் அகராதி?

இதற்கு என்னிடம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. அண்ணன் 1993இல் சார்ஜாவுக்குப் போனார். தகரம் வெட்டி மடிக்கும் பட்டறையில் வேலை. இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்த ஒருவரிடம் உடுப்பு, சவர்க்காரம், பால்மாவோடு இரண்டு கசெற் கொடுத்துவிட்டார். மட்டை இல்லை, நீலப் பேனையால் எழுதிய பெயர் மட்டும். ஒன்று 90 நிமிடக் கசெற். ஒரு பக்கம் 45 நிமிடம். ஒரு பக்கத்தில் பிங்க் ஃபுளொய்ட் குழுவின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்', 43 நிமிடம். மறுபக்கத்தில் லெட் செப்பெலின் குழுவின் நாலாவது அல்பம், அதுவும் 42 நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டு முழு அல்பம் ஒரு கசெற்றில் அளவெடுத்தது போல் அடங்கியிருந்தது. எனக்கு அப்போது 16 வயது.

செப்பெலின் பக்கத்தின் கடைசிப் பாட்டு, ஏழு நிமிடப் பாட்டு, ட்ரம்ஸோடு தொடங்கும். 'வென் த லெவி பிரேக்ஸ்'. பெயர்கூட எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த அடி வரும்போது ஏதோ பாரமான ஒன்று மெதுவாக என்னை நோக்கி வருவது போல இருக்கும், நிறுத்த முடியாதது போல. பல வருடம் கழித்துத்தான் அது வெள்ளத்தைப் பற்றிய பாட்டு என்று அறிந்தேன். 1927இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு பெருகிக் கட்டுகளை உடைத்தது. அதைப் பற்றி கன்சாஸ் ஜோ மக்கோயும் மெம்ஃபிஸ் மினியும் 1929இல் பாடியதைத்தான் செப்பெலின் எடுத்து வேறாகச் செய்தது. 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எங்கட படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறியதைப் பார்த்து நின்றபோது எனக்கு நினைவு வந்தது அந்த ட்ரம்ஸ்தான். சொல் தெரியாத காலத்திலேயே பாட்டு எனக்கு அதைச் சொல்லிவிட்டிருந்தது.

அந்தச் சத்தம் எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீடு. ட்ரம்ஸை ஒலிப்பதிவு அறைக்குள் வைக்காமல், உயரமான மாடிப்படிக் கூடத்தின் அடியில் வைத்து செப்பெலினின் ட்ரம்ஸ்காரர் ஜோன் பொன்ஹமை அடிக்கச் சொன்னார்கள். மைக்குகளை மேலே மாடியில் இருந்து தொங்கவிட்டார்கள். ஆகவே நாங்கள் கேட்பது ட்ரம்ஸை மட்டும் அல்ல, அந்த வீட்டின் சுவர்களையும் சேர்த்துத்தான். ஒரே மத்தளத்தை வெளிக் களரியிலும் பாடசாலை மண்டபத்திலும் கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்கத் தேவையில்லை. இந்தப் பாட்டை மூன்று தரம் கேளுங்கள். முதல் தரம் ட்ரம்ஸை மட்டும், குரல் வந்தாலும் திரும்பிப் பார்க்காமல். இரண்டாம் தரம் பேஸை மட்டும். மூன்றாம் தரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வருவது வரட்டும் என்று.

அல்பத்தை உடைக்காதீர்கள். போனில் பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தானை நான் வெறுக்கிறேன். 'த டார்க் சைட்' 1973 மார்ச்சில் வந்தது. இதயத் துடிப்போடு தொடங்கி இதயத் துடிப்போடு அடங்கும் அல்பம் அது. இடையில் பாட்டுக்குப் பாட்டு ஒழுகிப் போகும். நடுவில் ஒன்றை மட்டும் பிடுங்கிக் கேட்பது, கூத்தில் போர்க்கள ஆட்டத்தை மட்டும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவது போன்றது. இரவு டேட்டா உள்ளவர்கள் முழு அல்பத்தையும் முதலில் இறக்கி வையுங்கள், விளம்பரம் குறுக்கே வராது. 43 நிமிடம் இருக்க முடியவில்லை என்றால் பாதியில் நிறுத்துங்கள். 'மணி' பாட்டு காசுச் சத்தத்தோடு தொடங்கும் இடம்தான் இசைத்தட்டைத் திருப்பிப் போடும் இடம், அங்கே நிறுத்தினால் பிழையில்லை.

'மணி' பாட்டில் ஒரு பயிற்சி இருக்கிறது. தாளம் ஏழு. தகிட தகதிமி, தகிட தகதிமி என்று சொல்லிப் பார்த்தால் பேஸ் கிற்றார் அதற்குள் வந்து குந்தும். ஆனால் கிற்றார் தனியாக நீட்டி வாசிக்கும் பகுதிக்குப் போகும்போது தாளம் நாலாகிவிடும். எந்த இடத்தில் மாறுகிறது, எங்கே திரும்பவும் ஏழுக்கு வருகிறது என்று விரலால் பிடிக்க வேண்டும். இதை மருமகனுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்.

மற்றக் கசெற் பிளக் சபத் குழுவின் முதல் அல்பம், 1970 பெப்ரவரியில் வந்தது. மழையும் மணியோசையும், பிறகு மிக மெதுவாக மூன்று சுரம். பெற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்து, நாலு பெற்றரியையும் கழற்றி வெயிலில் காயவைத்துத் திருப்பிப் போட்டேன். அப்போதும் அதே வேகம். எனக்குப் பிடிக்கவில்லை, பயமாகவும் இருந்தது. அண்ணனுக்குக் கடிதத்தில் அப்படியே எழுதினேன். அவர் பதில் எழுதினார்: "இந்தக் கிற்றார்காரர் டோனி ஐயோமி என்னைப்போலத் தகரப் பட்டறையில் வேலை செய்தவர், 17 வயதில் வேலையின் கடைசி நாளில் இயந்திரத்தில் அகப்பட்டு வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, தோல் ஒட்டி, திரும்பவும் வாசித்தவர். பட்டறையில் எல்லாரும் இவரைத்தான் கேட்கிறோம்."

அதற்குப் பிறகு எனக்கு அந்த அல்பம் வேறாகக் கேட்டது. பிறகு வாசித்து அறிந்த இன்னொன்று: விரல் நோவு குறைய வேண்டும் என்று ஐயோமி 1971 அல்பத்தில் நரம்புகளின் முறுக்கைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். அதில் பிறந்த பாரமான சத்தத்தைத்தான் பிறகு வந்த, ஹெவி மெட்டல் என்ற ரொக் வகைக் குழுக்கள் பல எடுத்துக்கொண்டன. ஒரு தொழிலாளியின் காயத்தில் இருந்து ஒரு முழு இசை வகை வளர்ந்தது. மெட்டல் வெறும் கூச்சல் என்று ஆராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அண்ணன் இப்போது ஊரில் கேற், கிறில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். இத்தனை வருட இரைச்சலில் காது மங்கிவிட்டது. மெல்லிய சத்தங்கள் அவருக்கு இப்போது கேட்பதில்லை. அதனால்தான் மகன் என்னிடம் வந்து கேட்டான். சத்த அளவைக் குறையுங்கள் என்று நான் மேலே சொன்னதும் அதனால்தான்.

படங்களும் தொடர்களும் ரொக்குக்கு நல்ல வாசல். ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும். பாடகர்களின் வாழ்க்கைப் படங்களில் சரித்திரம் படிக்காதீர்கள். குயீன் என்ற ரொக் குழு பற்றி 2018இல் வந்த படம் எனக்குக் கண்ணீர் வரவைத்த படம்தான், ஆனால் அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி தன் எயிட்ஸ் நோயை 1985 லைவ் எய்ட் நிகழ்ச்சிக்கு முன்பே குழுவுக்குச் சொல்வதாக அதில் காட்டுகிறார்கள். அவருக்கு நோய் உறுதியானது அதற்குப் பிறகு. படத்தைப் பார்த்து முடித்த கையோடு 1985 ஜூலை 13இல் வெம்ப்ளியில் அவர்கள் உண்மையாகவே வாசித்த இருபது நிமிடச் சொச்சத்தைப் பாருங்கள். சான்சிபாரில் பிறந்து, இந்தியாவில் பஞ்ச்கனி விடுதிப் பாடசாலையில் படித்த ஒரு பொடியன் ஒரு மைதானத்தையே விரலில் பிடித்திருப்பது தெரியும். எந்த நடிப்பும் அதற்குக் கிட்ட வராது.

தொடர்களில் என் தெரிவு 'ஃப்ரீக்ஸ் அன்ட் கீக்ஸ்'. 1999இல் தொடங்கி 18 பாகத்தோடு நிறுத்திவிட்டார்கள். 1980இன் மிச்சிகன் மாநிலத்துப் பாடசாலைப் பிள்ளைகளின் கதை. கடைசிப் பாகத்தில் ஒரு பெண் பிள்ளையிடம் கிரேட்ஃபுல் டெட் குழுவின் அல்பம் ஒன்றைக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவள் தன் அறையில் தனியே கேட்டுக் கேட்டு ஆடுகிறாள். ஒரு அல்பம் ஒருவருக்குள் போவதை இதைவிட உண்மையாகத் திரையில் நான் பார்க்கவில்லை. நீண்ட தொடர்களில் ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு பெரும்பாலும் கதை இழுபடும். 18 பாகத்தில் முடிந்தது இதற்கு நல்லதுதான் என்று நினைக்கிறேன், நிறுத்தியவர்கள் மேல் கோபம் இருந்தாலும்.

படங்களில் 'அபோகலிப்ஸ் நவ்', 1979, வியட்நாம் போர் பற்றியது. தொடக்கக் காட்சி: பனைமரக் காட்டுக்கு முன்னால் ஹெலிகொப்டர் போகிறது, த டோர்ஸ் குழுவின் 'த எண்ட்' பாட்டு மெதுவாக எழும்புகிறது, காடு தீப்பற்றுகிறது. ஹெலிகொப்டர் விசிறியின் சத்தம் ஒரு விடுதி அறையின் மின்விசிறிச் சத்தமாக மாறுகிறது. இதை முதலில் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. தொண்ணூறுகளில் எங்கட வீட்டுக்கு மேலால் போன அதே சத்தம். அம்மா விளக்கை அணைத்துவிட்டு எங்களைச் சுவரோடு இருத்துவார். படத்தை நிறுத்திவிட்டேன். ஒரு வருடம் கழித்துத்தான் திருப்பிப் போட்டேன், பகல் நேரத்தில், அறையின் விசிறியை நிறுத்திவிட்டு. அப்போதுதான் அந்தக் கிற்றார் எவ்வளவு மெதுவாக, தம்பூரா போல ஒரு சுருதியைச் சுற்றி அசைகிறது என்பது காதில் விழுந்தது. எங்கட ஊரில் வளர்ந்தவர்கள் இந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பார்க்காமலும் விடலாம்.

கருத்துச் சொல்லும் முறையையும் பழகுங்கள். மருமகனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். 'நல்லம்', 'சரியில்லை' என்ற இரண்டையும் அதில் எழுதக்கூடாது. எந்த இடம், எந்த வாத்தியம், என்ன நடந்தது, அது உனக்கு என்ன செய்தது. இந்த நாலும் எழுத வேண்டும். திகதியும் போட வேண்டும், ஏனென்றால் கருத்து மாறும். பிளக் சபத்தை வெறுத்த என் கடிதத்தை அண்ணன் இன்னும் வைத்திருக்கிறார். அது பொய்க் கருத்து அல்ல, 16 வயதின் கருத்து. ஒரு குழு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மூன்று தரம் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பெரிய பெயர் என்பதற்காகப் பிடித்த மாதிரிக் காட்டத் தேவையில்லை. எனக்கு இன்றுவரை பத்து நிமிட ட்ரம்ஸ் தனிவாசிப்புகள் பிடிக்காது, பொன்ஹம் அடித்தாலும்.

போன வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மருமகனிடம் இருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் 'மணி' ஓடிக்கொண்டிருந்தது. "மாமி, இஞ்ச, இஞ்ச பாருங்க" என்று சொல்லிவிட்டு மேசையில் தட்டுகிறான். தகிட தகதிமி, தகிட தகதிமி, கிற்றார் எழும்புகிறது, தட்டு நாலாகிறது. பேச்சில்லை. ஒன்றிரண்டு நிமிடம் நாலிலேயே தட்டிக்கொண்டு போனான். ஏழுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு தட்டுப் பிந்திவிட்டது. "பிந்திட்டன், திருப்பி வாறன்" என்றான்.

நான் எழும்பி விசிறியை நிறுத்தினேன்.